ஷட்டவுன் நாள்

மாதத்தில் ஒரு நாள்தான் வெண்ணந்தூருக்குக் காது கேட்கும். மற்ற நாளெல்லாம் விசைத்தறி. விடிவதற்கு முன்னால் தொடங்கி ராத்திரி ஷிப்டு முடிகிற வரைக்கும் தெருவுக்குத் தெரு அதே டடக் டடக். வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வரும் பெண்கள் முதல் வாரம் தலைவலி என்பார்கள். அப்புறம் அம்மா வீட்டுக்குப் போனால் அங்கே தூக்கம் வரவில்லை என்பார்கள். மின்வாரியம் பராமரிப்பு வேலைக்காகக் காலை ஒன்பது மணிக்கு லைனை நிறுத்துகிற நாளை நாங்கள் ஷட்டவுன் என்போம். அன்றைக்கு ஒன்பது அடித்ததும் ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும். அலவாய்மலைப் பக்கமிருந்து மயில் அகவுவது கேட்கும். பக்கத்து வீட்டில் தாளிப்பது கேட்கும். கேட்கக் கூடாத சண்டைகளும் கேட்கும்.

ஆடி மாதத்தில் அப்படி ஒரு நாள், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே உள்ள பேக்கரியில் உட்கார்ந்தபடி பார்த்ததும் காதில் விழுந்ததும் இவை. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இதில் வருகிறவர்களுக்குப் பெயர் வைக்கவில்லை, தெருவும் சொல்லப்போவதில்லை. இந்த ஊரில் தெருவைச் சொன்னால் தறிப் பட்டறைக்காரரைச் சொன்ன மாதிரி.

அட்டையாம்பட்டி வழியாக வந்த சேலம் பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். முன்னால் இறங்கியவனுக்கு இருபத்தைந்து இருக்கலாம். கட்டம் போட்ட சட்டை, இஸ்திரி போட்டது. தோளில் ஒரு பை, ஜிப் போய்விட்டது, அதற்குப் பதில் மூன்று ஊக்கு. பின்னால் இறங்கியவனுக்கு மீசை இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. கழுத்தில் ஈரிழைத் துண்டு. பஸ் நகர்வதற்குள், பஸ்ஸின் மறைவிலேயே விறுவிறுவென்று நடந்து பேக்கரிக்குள் புகுந்துவிட்டான். பஸ் போனபின் சாலையில் நின்றது பெரியவன் மட்டும்.

சின்னவன் உட்கார இடம் பார்த்ததைக் கவனித்தேன். வாசல் பெஞ்சு காலி, அங்கே ஆடிக் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. உள்ளே ஃபேன் ஓடவில்லை, அடுப்புச் சூடு வேறு. இருந்தும் உள்மேசைக்குத்தான் போனான். அதிலும் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால், பன் தட்டுகள் அடுக்கியிருக்கும் மூலை. அங்கிருந்து சாலையை அவன் பார்க்கலாம், சாலையில் போகிறவர்கள் அவனைப் பார்க்க முடியாது. அடுத்த மேசை என்னுடையது.

பெரியவன் உள்ளே வந்தான். "இங்க எதுக்குடா வேகற, வெளிய காத்தாட உக்காரலாம் வா" என்று நீங்களும் நானும் சொல்லியிருப்போம். அவன் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து, நாற்காலியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்திக்கொண்டான். பன் தட்டுக்கும் அவன் முதுகுக்கும் நடுவில் இருந்த சந்தும் அடைபட்டது. காலை நீட்டிக்கொள்ள வசதியாக நகர்ந்தவன் போலத்தான் இருந்தது.

"ரெண்டு டீங்க. ஒண்ணு சக்கரை தூக்கலா."

பையிலிருந்து ஒரு முறுக்குப் பொட்டலத்தை எடுத்து மேசை நடுவில் வைத்துப் பிரித்தான். அட்டையாம்பட்டி கைமுறுக்கு. சாப்பிடு என்று சொல்லவில்லை, தள்ளியும் வைக்கவில்லை. தான் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தான். டீ வந்து பாதி தீர்ந்தபின் சின்னவனின் கை தானாக வந்து ஒன்றை எடுத்தது.

"அண்ணா, கரண்டு எப்ப வரும்?"

"பேப்பர்ல அஞ்சு மணின்னு போட்டிருக்கான். அதுக்கு முன்னாடியே குடுத்தாலும் குடுப்பான். ஒரு மணின்னு வச்சுக்க."

"அம்மா பத்துக்குள்ள வந்துரும்."

"வரட்டும். அவசரமில்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்கள் ஷட்டவுன் நாளில் தற்செயலாக வந்தவர்கள் இல்லை. நாளைப் பார்த்து வந்திருக்கிறார்கள். தறி ஓடுகிற நாளில் தறிக்கு நூல் தார் சுற்றுகிற பெண் பட்டறையைவிட்டு அரை மணி நேரம் வெளியே போனால் ஏன், எங்கே என்று கேள்வி வரும். ஷட்டவுன் அன்றைக்கு வராது. அன்றைக்குத்தான் பெண்கள் ரேஷன் கடைக்குப் போவார்கள், ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், நகை வட்டி கட்டப் போவார்கள். ஒரு தாய் யாருக்கும் பதில் சொல்லாமல் தெருவில் நடக்கக்கூடிய நாள் எது என்று மின்தடை அறிவிப்பைப் பார்த்துக் குறித்திருக்கிறான் இந்த ஊக்குப் பைக்காரன். பட்டறைக்குள் வளர்ந்தவனுக்கோ, அப்படி வளர்ந்தவனிடம் பொறுமையாகக் கேட்டவனுக்கோதான் இது தோன்றும்.

அவன் யார் என்பது துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. "நான் ஜங்ஷன் மேம்பாலத்துல படுத்துட்டு இருந்தப்ப" என்று ஒரு பேச்சு. "தண்ணி பாட்டில் வித்தப்ப" என்று இன்னொன்று. இரண்டையும் வேறு எதையோ சொல்ல வந்த இடத்தில் போகிறபோக்கில் சொன்னான். இப்போது வீடில்லாமல் தெருவில் தங்குகிற இளவட்டங்களுக்கு உதவுகிற ஒரு அமைப்பில் வேலை. அது எந்த அமைப்பு என்று அவன் சொல்லவில்லை.

தானே பட்டவன், இப்போது படுகிறவனுக்குப் பக்கத்தில் உட்காருவது. உலகம் முழுக்க இதை ஒரு தொழிலாகவே நடத்துகிறார்கள், பயிற்சி கொடுக்கிறார்கள். நம் நாட்டில் இது புதிதும் இல்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் 1996-இல் மும்பையில், டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாகத் தொடங்கியபோது, அதைத் தொடங்கிய ஜெரூ பில்லிமோரியா சேர்த்துக்கொண்டவர்களில் தெருவிலேயே வளர்ந்த இளைஞர்களும் உண்டு. டெல்லியில் மீரா நாயரின் 'சலாம் பாம்பே' படத்தை ஒட்டி 1988-இல் பிறந்த சலாம் பாலக் அறக்கட்டளை, புது டெல்லி ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள சந்துகளை வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலையை அங்கே படுத்து எழுந்த பிள்ளைகளிடமே கொடுத்தது. புருலியாவில் வீட்டைவிட்டு ஓடிவந்து, அதே ரயில் நிலையத்தில் பழைய பாட்டில் பொறுக்கிய சிறுவன் அந்த அறக்கட்டளையில் வளர்ந்து விக்கி ராய் என்ற புகைப்படக் கலைஞன் ஆனான். 'பாலக்நாமா' என்று தெருப்பிள்ளைகளே செய்தி சேர்த்து நடத்தும் பத்திரிகையும் டெல்லியில் உண்டு.

இவையெல்லாம் பெரிய ஊர்க் கதைகள். ரயில் நிலையம் இருக்கிற ஊர்க் கதைகள். வெண்ணந்தூரில் நடைமேடை கிடையாது. இங்கிருந்து ஓடுகிறவன் சேலம் ஜங்ஷனில்தான் வீடில்லாதவன் ஆகிறான். இங்கே இருக்கிறவரை அவனுக்கு வீடு இருப்பதாகத்தான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம்.

அந்த வீடு என்னவென்று சொல்ல வேண்டும். பட்டறையை ஒட்டி ஒரு வரிசை, லைன் வீடு. ஒரு அறை, அதிலேயே ஒரு மூலை சமையல். வாடகை கிடையாது, அல்லது பேருக்கு ஏதோ பிடிப்பார்கள். புருஷன் தறி ஓட்டினால், பெண்டாட்டி தார் சுற்றினால் வீடு உண்டு. சேரும்போது கைநீட்டி வாங்குகிற முன்பணத்துக்கு இந்தப் பக்கமெல்லாம் பாக்கி என்று பெயர். 1990-களில் குமாரபாளையத்திலும் பவானியிலும் தங்கித் தறித்தொழிலாளர் வாழ்க்கையை ஆராய்ந்த கெர்ட் டி நேவ் என்ற மானுடவியலாளர் இந்தப் பாக்கியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். தொடக்கத்தில் ஆள் கிடைக்காத காலத்தில் தொழிலாளியே கேட்டு வாங்கிய சலுகை, போகப்போக அவன் காலையே கட்டுகிறது. பட்டறை மாற வேண்டுமானால் புது முதலாளி பழைய பாக்கியை அடைக்க வேண்டும். ஆள் மாறும், கடன் அப்படியே கூடவே போகும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. ஆனால் பாக்கி வாங்கிய எவரும் தன்னைக் கொத்தடிமை என்று சொல்லிக்கொள்ள மாட்டார். சொன்னால் கோபித்துக்கொள்வார். "நானாத்தான வாங்குனேன்" என்பார். அதுவும் பொய்யில்லை.

அதனால் இங்கே வேலை போனால் சம்பளத்தோடு கூரையும் போகும். அப்பனுக்கு உடம்பு முடியாமல் போனால் மகன் தறியில் நிற்க வேண்டும், அந்த அறையில் மற்றவர்கள் தூங்குவதற்காக. நிற்கப் பிடிக்காத மகன் ஓடினால் ஓடியது அவன் மட்டும் இல்லை, அறையின் சாவியும் அவனோடு போகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோரைப் பிப்ரவரி 28 ராத்திரி தெருத்தெருவாகப் போய் எண்ணினார்கள். நாடு முழுக்க 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல் வந்தது. பட்டறைத் தரையில் பாவு நூல் மூட்டைமேல் படுத்திருந்த பையன்கள் அதில் வரமாட்டார்கள். பட்டறையும் ஒரு கட்டடம்தானே.

ஒன்பதே முக்காலுக்கு அந்த அம்மா வந்தார்.

வாசலில் நின்று முதலில் கடைக்காரரிடம் ஒரு ரொட்டி பாக்கெட் கேட்டார். வாங்கினார், காசு கொடுத்தார், சில்லறையை எண்ணினார். அதற்கப்புறம்தான் உள்ளே திரும்பினார். ரொட்டி வாங்க வந்தவள் என்று ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. கையில் மஞ்சப் பை. உள்ளே வந்து மகன் பக்கத்தில் நின்றார், உட்காரவில்லை.

"எளைச்சுட்டியே சாமி."

சின்னவன் துண்டின் ஓரத்தில் ஓர் இழையை உருவ ஆரம்பித்தான். இருக்கிற இடமெல்லாம் நூல் உருவுகிற விரல்கள் இந்த ஊரில் நிறைய.

பெரியவன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காருங்கம்மா. நான்தான் போன்ல பேசுனேன்."

"நீதானா கண்ணு. நல்லாருப்ப. ஆபீசுல பெரிய வேலையா?"

"அதெல்லாம் இல்லைங்க. நானும் இவனாட்டம் சுத்துனவன்தான்."

அந்த அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். இஸ்திரிச் சட்டையில் கண் நின்றது. அப்புறம் உட்கார்ந்தார். அவன் சட்டென்று எழுந்து கல்லாப் பக்கம் போய்விட்டான். அங்கே கடைக்காரரிடம் தேங்காய் பன் என்ன விலை, எங்கே சுடுகிறீர்கள் என்று சம்பந்தமில்லாமல் விசாரித்துக்கொண்டு, சாலையைப் பார்த்து நின்றான். தாய்க்கும் மகனுக்கும் தனியே பேச இடம் கொடுத்தாகிறது, யாராவது தெரிந்தவர் வந்தால் முதலில் பார்க்கிற ஆளாகவும் நின்றாகிறது. என்னை அவன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. செய்தித்தாளுக்குப் பின்னால் இருக்கிற கிழவனை யார் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

தாயின் குரல் தாழ்ந்திருந்தது. இருந்தும் தறியில்லாத ஊரில் எல்லாம் கேட்கிறது.

"வந்துரு தங்கம். மொதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நான் கேட்டுட்டேன். அப்பனுக்கு இன்னும் நெஞ்சு சளி குறையல. ஆவணி பொறந்தா வேற குடும்பம் வருதுன்னு சொல்றாங்க. வீட்டக் காலி பண்ணுன்னா நான் அந்த மனுசன எங்க கொண்டு போய்ப் படுக்க வைப்பேன்?"

இழை ஒரு முழம் உருவியாகிவிட்டது.

"தறி வேணாம்னா வேணாம். வந்து சும்மா இருந்தாக்கூடப் போதும். ஆள் இருக்குதுன்னு காட்டுனாப் போதும்."

பையன் நிமிர்ந்து பெரியவனைப் பார்த்தான். நானும் பார்த்தேன். நான் எதிர்பார்த்தது இரண்டில் ஒன்று. அமைப்பு ஆட்களில் ஒரு வகை, அம்மா சொல்வதைக் கேள் தம்பி, குடும்பம்தான் பெரிசு என்பார்கள். வீட்டுக்கு அனுப்பிவைத்தால் ஒரு கணக்கு முடியும். இன்னொரு வகை, அம்மா நீங்கள் செய்வது தப்பு, இது கொத்தடிமை, நான் கலெக்டரிடம் போவேன் என்பார்கள். இரண்டாவது வகையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அன்று ராத்திரி அந்த நெஞ்சு சளிக்காரரைப் படுக்க வைக்க அவர்களிடமும் இடம் இருக்காது.

அவன் கையில் இரண்டு தேங்காய் பன்னோடு வந்தான். தட்டை அந்த அம்மா பக்கம் வைத்தான்.

"அம்மா, வர்றானா வரலையாங்கறத இன்னைக்கு கேக்க வேண்டாங்க. இன்னைக்கு கார்டு மட்டும் வாங்கிக்கறோம். மத்தத அப்புறம் பேசலாம். நானே போன் பண்றேன்."

"அப்புறம்னா?"

"ஆவணிக்கு முன்னாடிங்க. உங்களக் காலி பண்ணச் சொன்னா அன்னைக்கே எனக்குச் சொல்லுங்க. ராத்திரியானாலும் சொல்லுங்க."

அவ்வளவுதான் அவன் பேசியது. வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்றும் சொல்லவில்லை, பையனை அனுப்புகிறேன் என்றும் சொல்லவில்லை. பையனின் தோள் ஒரு அங்குலம் இறங்கியது. தோளுக்கு மேல் ஏதோ இருந்திருக்கிறது என்று அது இறங்கியபோதுதான் தெரிந்தது.

மஞ்சப் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் நாலாய் மடித்த காகிதங்கள். ரேஷன் கார்டு, யாருடையதோ ஒரு எக்ஸ்ரே சீட்டு, கீழே ஆதார். லேமினேஷன் ஓரம் விரிந்து, எட்டு வயதுப் பிள்ளையின் முகம். பெரியவன் அதை வாங்கி முன்னும் பின்னும் போனில் படம் எடுத்தான். ஜெராக்ஸ் கடையில் இன்றைக்கு மெஷின் ஓடாது. பையன் தன் சின்ன முகத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தான். அன்றைக்கு அவன் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

ஒரு அட்டைக்காக இவ்வளவா என்று தோன்றும். இவன் வயது அவர்கள் பேச்சில் காதில் விழுந்தது, ஆனியோடு பதினெட்டு முடிந்துவிட்டது. போன வருடம் ஓடியிருந்தால் கதை வேறு. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, ரயில் நிலையத்தில் தனியாக நிற்கிற பிள்ளையைப் பார்த்தால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் நிறுத்த வேண்டும். 15 நாளில் வீட்டு நிலைமையை விசாரித்து அறிக்கை தர வேண்டும். இல்லம் உண்டு, இல்லத்திலிருந்து வெளியே வருகிறவனுக்கு 21 வயதுவரை பின்தொடர் உதவியும் சட்டத்தில் உண்டு. ஆனால் அது இல்லத்தில் இருந்தவனுக்கு. பதினெட்டு முடிந்தபின் முதல்முறையாக வீட்டைவிட்டு வருகிறவன் எந்தச் சட்டத்தின் கண்ணிலும் பிள்ளை இல்லை. அவன் ஆள். நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தில் லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்குகிற காப்பகம், ஆளுக்கு 50 சதுர அடி என்று 2013-இல் விதி எழுதியிருக்கிறார்கள். அந்த விதிப்படி அமைகிற காப்பகத்தில் பக்கத்துப் பாயில் அறுபது வயதுக்காரர் குடித்துவிட்டுப் புலம்புவார். எங்கள் பேரூராட்சிக்கு அந்தக் கணக்கே எட்டாது.

வேலைக்குச் சேர்வதானால் ஆதார், அறை எடுப்பதானால் ஆதார், சிம் வாங்குவதானாலும் அதுதான். விளையாடப் போவதானாலும் காகிதம் வேண்டும். 2019 மே மாதம் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் தெருப்பிள்ளைகளுக்கான உலகக் கோப்பை கிரிக்கெட்டின் இறுதி ஆட்டம் நடந்தபோது தென்னிந்திய அணி கோப்பையை வென்றது. வடசென்னையில் தெருப்பிள்ளைகளோடு 1995-லிருந்து வேலை செய்யும் கருணாலயாவின் பிள்ளைகள் அந்த அணியில் இருந்தார்கள். ஜெயித்த படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நடைபாதையில் பிறந்த பிள்ளைக்கு லண்டன் போகப் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்கு முகவரி வேண்டும். மைதானத்தில் ஓடுவதற்கு முன்னால் அலுவலகம் அலுவலகமாக யார் ஓடினார்கள் என்பதற்குப் படம் கிடையாது.

தேங்காய் பன்னை அந்த அம்மா தொடவில்லை. பையனுக்குத்தான் பிட்டுக் கொடுத்தார். அவனும் பதினெட்டு வயது ஆளாக இல்லாமல் வாங்கித் தின்றான். அவர்கள் இப்போது வேறு ஏதோ பேசினார்கள். தங்கச்சி பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசு, செத்துப்போன ஆட்டுக்குட்டி, கோயில் கூழ். பெரியவன் எதிரே அமைதியாக உட்கார்ந்திருந்தான். அவன் டீயில் ஆடை படிந்திருந்தது. "அப்பா உன்னக் கேட்டுக்கிட்டேதான் இருக்குது" என்று அந்த அம்மா சொன்னபோது அவன் எழுந்து வெளியே போனான். சாலையோரம் போய் நின்று, பையின் மூன்று ஊக்குகளையும் கழற்றி மறுபடி மாட்டினான். கொஞ்ச நேரம் பிடித்தது அதற்கு.

இந்த வேலையில் அதுதான் பேசப்படாத பக்கம். பட்ட அனுபவம்தான் தகுதி என்று சொல்லி இப்படிப்பட்டவர்களைச் சேர்க்கிறோம். ஒவ்வொரு பையனின் வீட்டு வாசலிலும் இவனுடைய பழைய வாசல் திறக்கும் என்பதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? டாக்டருக்கு நோயாளியின் காய்ச்சல் ஒட்டாமல் போகலாம். இவனுக்கு ஒட்டும், ஏற்கனவே உடம்பில் இருப்பதுதானே. வெளிநாடுகளில் இந்த வேலையில் இருப்பவர்களைத் தவறாமல் உட்காரவைத்து, என்ன நடந்தது, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க இன்னொரு ஆள் வைக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள். நம் பக்கம் பல இடங்களில் தன்னார்வலர் என்று ஒரு பட்டம், பஸ் காசு, கொஞ்சம் ஊக்கத்தொகை. சேர்க்கும்போது அனுபவத்தைக் கேட்டவர்கள் சம்பளம் போடும்போது பட்டத்தைக் கேட்பார்கள். இவனுடைய கணக்கு எப்படியோ, எனக்குத் தெரியாது. பையின் ஜிப் போய்ப் பல நாளாகியிருக்கும் என்பது மட்டும் தெரிந்தது.

பதினொன்றே கால். திடீரென்று அலமாரியின் டியூப் லைட் கண் சிமிட்டியது.

முதலில் ஒரு தறி. எங்கோ மேற்கே. அப்புறம் நாலு, அப்புறம் எண்ண முடியாது. பேப்பரில் அஞ்சு மணி என்று போட்டுவிட்டுப் பதினொன்றே காலுக்குக் கொடுத்துவிட்டார்கள். மற்ற மாதமாக இருந்தால் ஊரோடு சேர்ந்து நானும் மின்வாரியத்தைப் புகழ்ந்திருப்பேன்.

அந்த அம்மா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அதற்குமேல் அவர்கள் பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. உதடு அசைந்தது, கை அசைந்தது. அந்த அம்மா குனிந்து மகனின் செருப்பைப் பார்த்தார். வார் அறுந்து கம்பி போட்டுக் கட்டியிருந்தது. இடுப்புச் சுருக்குப் பையைத் திறந்து ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து மகனிடம் நீட்டினார். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினான். அவர் மறுபடி நீட்டினார். மறுபடி ஆட்டினான். அவர் திரும்பி அந்தத் தாளைப் பெரியவனிடம் நீட்டினார்.

அவன் வாங்கிக்கொண்டான். வேண்டாங்கம்மா, நாங்க பாத்துக்கறோம் என்கிற அந்த நாகரிகப் பேச்சு எதுவும் இல்லை. இரண்டு கையாலும் வாங்கி, சட்டைப் பையில் இருந்த சிறு நோட்டை எடுத்து, அந்த அம்மா பார்க்கும்படி அதில் எழுதி, தாளை அதற்குள்ளேயே வைத்தான். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மகனுக்குச் செருப்பு வாங்கக் காசு கொடுத்தவளாகத் திரும்பிப் போகிறார். ரொட்டி பாக்கெட்டை மறந்துவிட்டுப் போய், பாதி வழியில் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு ஓடினார். ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஓடினால் யாராவது ஏன் என்பார்கள். நடையைத்தான் எட்டிப் போட்டார்.

இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பேசினாலும் கத்த வேண்டும். பையன் உருவிய இழையைச் சுருட்டி மேசைமேல் வைத்துவிட்டுக் கல்லாவுக்குப் போனான். கால்சட்டைப் பையிலிருந்து கசங்கிய நோட்டுகளை எடுத்தான். சேலத்தில் ஏதோ ஹோட்டலில் தட்டு கழுவுகிறான் போல, விரல்நுனி வெளுத்து ஊறியிருந்தது. கடைக்காரர் என் பக்கம் திரும்பிக் காது பக்கத்தில் குரல் கொடுத்தார்.

"அந்தப் பெரிய தம்பி குடுக்காதா? இது சின்னப் பையனுங்க."

பெரியவனுக்கு அது கேட்டிருக்க வேண்டும். "அவன் குடுக்கட்டும்ங்க" என்று சத்தமாகச் சொன்னான். டீ, பன், எல்லாவற்றுக்கும் பையனே கொடுத்தான். மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணினான்.

நான் அவர்கள் சேலம் பஸ்ஸுக்கு நிற்பார்கள் என்று நினைத்தேன். சாலையைத் தாண்டாமல் இந்தப் பக்கமே நின்றார்கள், ராசிபுரம் போகிற பக்கம். பையன் இப்போது வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டிருந்தான், அவ்வளவுதான் மறைப்பு. ராசிபுரம் எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். தாலுகா ஆபீஸில் ஆதார் மையம், கைரேகை புதுப்பிக்க வேண்டும் என்றான் பெரியவன். பதினைந்து வயதில் ஒருமுறை ரேகையை மறுபடி வைக்க வேண்டும் என்பது விதி. அந்த வயதில் இவன் ரேகை முழுக்கத் தறியில் இருந்தது. எட்டு வயதில் வைத்த ரேகை இப்போது எந்த மெஷினிலும் ஒத்துப்போகவில்லையாம்.

"தட்டு கழுவுன கையி, இன்னைக்கும் எடுக்காது பாருங்க" என்றார் கடைக்காரர்.

"எடுக்கலைன்னா கண்ணு இருக்குதுங்களே. கண்ணுலயும் எடுப்பாங்க" என்றான் அவன்.

ராசிபுரம் பஸ் கூட்டமாக வந்தது. பையன் முன்படியில் ஏறி உள்ளே போய்விட்டான். பெரியவன் பின்படியில் ஒரு காலை வைத்து, முறுக்குப் பொட்டலத்தை விட்டுவிட்டது நினைவு வந்து இறங்கி ஓடிவந்து, என் மேசையைத் தாண்டி அதை எடுத்துக்கொண்டான். முதல்முறையாக என்னைப் பார்த்துத் தலையசைத்தான். நானும் அசைத்தேன். கண்டக்டர் விசில் ஊதி ஏதோ திட்டினார். தறிச் சத்தத்தில் என்னவென்று விளங்கவில்லை.